புவனத்துக்குப் பதிலாக

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அப்படிப்பட்டவள் படிப்பதற்காகக் கடல் தாண்டிப் போய் வந்தேன் என்று சொன்னால் கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வருகிறது. அதனால் யாரிடமும் சொல்வதில்லை. எழுதுவது கொஞ்சம் சுலபமாக இருக்கிறது. எதிரில் யாரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை.

எங்கள் ஊர் மண்டபம். எங்கள் தலைமையாசிரியருக்கும் இலங்கையில் கிளிநொச்சிப் பக்கத்துத் தலைமையாசிரியர் ஒருவருக்கும் பழக்கம் இருந்தது. இங்கிருந்து ஆறு பிள்ளைகள் அங்கே போய் அவர்கள் வீடுகளில் தங்கிப் படிப்பது, அங்கிருந்து ஆறு பிள்ளைகள் வந்து எங்கள் வீடுகளில் தங்கிப் படிப்பது என்று இருவரும் பேசி முடித்தார்கள். வசதியுள்ள வீட்டுக்காரர்கள் பெண் பிள்ளையைக் கப்பலேற்ற மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். என் அம்மா ஸ்டேஷன் பக்கத்தில் இட்லிக் கடை வைத்திருந்தாள். அப்பா கிடையாது. தலைமையாசிரியர் தினமும் காலையில் எங்கள் கடையில்தான் சாப்பிடுவார். அவர் கேட்டபோது அம்மாவுக்கு மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அப்போது எனக்குப் பத்து வயது.

தனுஷ்கோடியில் கப்பல் ஏறியதிலிருந்து தலைமன்னாரில் இறங்கும்வரை ஆறு பேரும் மாறி மாறி வாந்தி எடுத்தோம். கூட வந்த டீச்சர் எலுமிச்சம்பழத்தை ஒவ்வொருவர் மூக்கிலும் வைத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் தானே முகர்ந்துகொண்டு படுத்துவிட்டார். பிறகு ரயில். மதவாச்சியில் இறங்கி வேறு ரயில். ரயிலை அங்கே கோச்சி என்றார்கள். காடு, காடு, மறுபடியும் காடு. எங்கள் ஊரில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் கடல் தெரியும். இங்கே ஒரு மரம் போய் இன்னொரு மரம் வந்துகொண்டே இருந்தது.

பரந்தனில் கோச்சி நின்றதும் டீச்சர் எங்களை அவசரமாக இறக்கினார். ஆள்களை எண்ணினார், சரியாக இருந்தது. பெட்டிகளை எண்ணும்போது கோச்சி நகர்ந்துவிட்டது. என் தகரப்பெட்டி மட்டும் யாழ்ப்பாணம் நோக்கிப் போயிற்று. சத்தம் போட்டிருக்கலாம். அத்தனை பேர் முன்னால் கத்த எனக்குக் கூச்சமாக இருந்தது.

என்னை அழைத்துப் போக மாட்டு வண்டியோடு ஒருவர் நின்றார். இனி அவர்தான் எனக்கு மாமா. முரசுமோட்டைக்குப் போகும் வழியெல்லாம் அவர் பேசியது ஒரே ஒரு தடவை.

"பெட்டி வரும். பெட்டிக்குக் கால் இல்லைத்தானே, எங்கையும் ஓடாது."

அவருடைய வீடு வயல்களுக்கு நடுவில் இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, காடு வெட்டி, இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் நெல் விதைக்கிறவர்கள் அவர்கள். ஒவ்வொரு வீடும் அவரவர் வயலுக்குள் தனியாக நின்றது. தெரு என்று ஒன்று இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் அடுப்புப் புகையைத்தான் பார்க்கலாம். மண்டபத்தில் எங்கள் சுவரும் பக்கத்து வீட்டுச் சுவரும் ஒன்றே. அவர்கள் தும்மினால் அம்மா இங்கிருந்து பதில் சொல்லுவாள்.

வாசலில் அந்த வீட்டு அம்மா நின்றார். பெயர் சிவக்கொழுந்து. நான் மாமி என்று கூப்பிட வேண்டும் என்று முன்பே டீச்சர் சொல்லியிருந்தார்.

"வாங்கோ பிள்ளை, உள்ளுக்கு வாங்கோ. களைச்சுப் போனியள். கதிரையிலை இருங்கோ."

என்னை இதுவரை யாரும் வாங்கோ என்று அழைத்ததில்லை. அந்த வீட்டில் ஒரே ஒரு கதிரைதான் இருந்தது. நாற்காலியை அப்படிச் சொல்கிறார்கள். அதில் நான் உட்கார்ந்தேன்; கால் தரையைத் தொடவில்லை. மாமாவும் மாமியும் நின்றார்கள். எனக்குப் புட்டும் சொதியும் சம்பலும் வந்தன. நான் சாப்பிட்டு முடிக்கும்வரை மாமி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து தட்டைக் கழுவப் போனேன்.

"ஐயோ, வேண்டாம், வேண்டாம்! வையுங்கோ அதிலை!"

தட்டைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்.

அவர்களுக்கு ஒரே மகள், புவனம். அவள்தான் முந்தின கப்பலில் எங்கள் வீட்டுக்குப் போயிருந்தாள். என் பெட்டி கடைசிவரை வரவில்லை; உடுத்தப் புவனத்தின் சட்டையைக் கொடுத்தார்கள். முழங்கால் தெரிகிற சட்டை. ஊரில் கணுக்கால்வரை பாவாடை கட்டிய எனக்கு வெட்கமாக இருந்தது. நடக்கும்போதெல்லாம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டே நடந்தேன். படுக்கப் புவனத்தின் பாய். தலைக்குப் புவனத்தின் தலையணை. அதில் அவள் எண்ணெய் வாசனை இருந்தது.

மறுநாள் காலை மாமி ஒரு பெரிய குவளை பாலை ஆற்றிக் கொண்டுவந்தார். நான் குடித்து முடித்ததும் பெருமூச்சு விட்டார்.

"இப்ப புவனமும் குடிச்சிருப்பாள்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்கள் வீட்டில் பால் கிடையாது, கடுங்காப்பிதான். அதுவும் இட்லி வியாபாரம் முடிந்த பிறகு.

அன்று சாயங்காலம் குசினி என்கிற அடுப்படிக்குள் மாமி மாமாவிடம் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"இரணைமடு மீன் கொண்டு வாறவனைக் கண்டால் ஒரு விரால் வாங்குங்கோ."

"நேற்றும் மீன்தானே?"

"நான் இஞ்சை இந்தப் பிள்ளைக்கு என்ன செய்யிறனோ அதுதான் அங்கை என்ரை பிள்ளைக்கு நடக்கும். நான் மீன் குடுத்தால் அந்த மனிசி மீன் குடுப்பா. நான் ஒரு சொல் ஏசினால் அங்கை அவளுக்கு ஒரு சொல் விழும். உங்களுக்கு இது விளங்காது."

மாமா சைக்கிளை எடுத்துக்கொண்டு மீனுக்குப் போனார்.

அதற்குப் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முள்ளெடுத்த விரால் தட்டில் விழும்போது அது எனக்கு இல்லை என்று தெரிந்தது. என் வாய் வழியாகப் புவனத்துக்குப் போகிறது. மாமி என் தலையை வாரும்போது சீப்பு என் முடியில் இருக்கும், கண் வாசலுக்கு வெளியே எங்கேயோ இருக்கும். "நோகுதோ பிள்ளை?" என்று கேட்பார். எங்கள் அம்மா தலை வாரினால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அசைந்தால் சீப்பாலேயே ஒன்று வைப்பாள். அங்கே அந்தப் பெண் என்ன பாடுபடுகிறாளோ என்று நினைத்துக்கொள்வேன். மாமியிடம் சொல்லலாம். எப்படிச் சொல்வது? எங்க அம்மா அப்படி இல்லை, அவளுக்கு நேரமே கிடையாது என்றா?

பள்ளிக்கூடத்தில் இன்னும் தனியாக இருந்தது. முதல் வாங்கில், அதாவது பெஞ்சில், நடுவில் உட்கார வைத்தார்கள். இடைவேளையில் பெண்கள் என்னைச் சுற்றி நின்றுகொள்வார்கள்.

"எங்கை, வாழைப்பழம் எண்டு சொல்லுங்கோ!"

எங்கள் ஊர் வழக்கப்படி சொன்னேன். ஒரே சிரிப்பு.

"இன்னொருக்கா! இன்னொருக்கா சொல்லுங்கோ!"

அவர்கள் கெட்ட பிள்ளைகள் இல்லை. சிரித்து முடித்ததும் நாவற்பழம் தந்தார்கள். ஆனால் எட்டுக் கோடு விளையாட என்னைச் சேர்க்கவில்லை. "நீங்கள் விழுந்தால் ரீச்சர் எங்களைப் பேசுவா, அதிலை இருந்து பாருங்கோ" என்றார்கள். நான் இருந்து பார்த்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா என்னைச் சைக்கிளில் வைத்து இரணைமடுக் குளம் காட்டப் போனார். அணைக்கட்டின் மேல் நின்று பார்த்தேன். கண்ணுக்கு எட்டுகிற தூரம்வரை தண்ணீர். கடல் போலத்தான் இருந்தது. ஆனால் சத்தம் இல்லை. அலை வந்து காலைத் தொட்டுவிட்டுப் போகவில்லை. இத்தனை தண்ணீர் இப்படிச் சும்மா இருக்குமா என்று எனக்குப் பயமாகிவிட்டது.

"என்ன பிள்ளை, அழுகிறியளோ?"

"காத்து மாமா."

அவர் திரும்பி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்: "மாமியைக் குறை நினையாதேங்கோ. பிள்ளை போனதிலிருந்து அவ நித்திரை கொள்ளிறதில்லை. வற்றாப்பளை அம்மனுக்கு மஞ்சள் துணியிலை காசு முடிஞ்சு வைச்சிருக்கிறா."

திரும்பும் வழியில் சைக்கிள் சக்கரத்தில் காற்றுப் போய்விட்டது. இரண்டு பேரும் உருட்டிக்கொண்டே நடந்தோம். எனக்கு அது பிடித்திருந்தது. சைக்கிளின் பின்பக்கத்தைத் தள்ள அவர் என்னை விட்டார். மாமி பார்த்திருந்தால் விட்டிருக்க மாட்டார்.

மாசியில் அரிவு வெட்டு தொடங்கியது. நெல் அறுப்பைத்தான் அப்படிச் சொல்வார்கள். வெட்டுகிற ஆண்களும் பெண்களும் வயலில் இறங்கினால், மாமி குசினியை விட்டு வெளியே வர முடியாது. காலைப் பத்து மணிக்கு அவர்களுக்குத் தேநீரும் ரொட்டியும் வயலுக்குப் போக வேண்டும். மாமி மாப் பிசைந்து, தட்டி, சுட்டு, வியர்த்து வழிந்தார். நான் கதிரையில் இருந்தேன். எங்கள் வீட்டில் பொழுது விடியுமுன் எழுந்து தேங்காய் துருவுகிறவள் நான். கை இரண்டும் மடியில் சும்மா கிடந்தன. ஒரு தடவை எழுந்து போய் மாவில் கை வைத்தேன்.

"வேண்டாம் பிள்ளை, கை சுடும். போய் இருங்கோ."

அப்படியிருக்கும்போதுதான் பொன்னம்மாக்கா வந்தார். கால் மைல் தள்ளி இருந்த பக்கத்து வீட்டுக்காரி. இராமேஸ்வரத்துக்குக் கும்பிடப் போயிருந்தவர், அப்படியே மண்டபத்துக்கும் போய்ப் புவனத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். வேலிக் கதவான படலைக்கு அப்பாலேயே குரல் கேட்டது.

"எடியே கொழுந்து! உன்ரை பெட்டையைக் கண்டனான்!"

மாமி மாக் கையோடு ஓடி வந்தார். "எப்பிடி அக்கா இருக்கிறாள்?"

"இருக்கிறாளோ? அவளுக்கு இருக்க எங்கை நேரம்? ஆட்டுக்கல்லுக்குப் பக்கத்திலை நிண்டு, எங்கடை களத்திலை மாடு சுத்திற மாதிரிச் சுத்துறாள்!"

"என்ன?"

"தண்ணிக்கு ரயில் தண்டவாளம் தாண்டிப் போகவேணும். இடுப்பிலை ஒரு குடம், கையிலை ஒரு வாளி. வெய்யிலிலை கறுத்துப் போனாள். அந்த மனிசி அடுப்படியிலை நிண்டுகொண்டு, ஏய் வாடி, ஏய் போடி எண்டு கூப்பிடுது."

மாமியின் முகம் வெளுத்தது. "அழுதவளோ?"

"அவளோ? நான் கிட்டப் போய் மோளே எண்டு கையைப் பிடிச்சன். இரண்டு இட்லியைக் கொண்டந்து முன்னுக்கு வைச்சு, 'காசை எடுங்கோ அக்கா, ஆக்கள் நிக்கினம்' எண்டு கேக்கிறாள்!"

மாமா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். மாமி சிரிக்கவில்லை. திரும்பி, கதிரையில் இருந்த என்னைப் பார்த்தார். நான் வந்த நாளிலிருந்து அவர் என்னைப் பார்த்த முதல் பார்வை அது என்றே எனக்குப் பட்டது. நான் முழங்காலைச் சட்டையால் மூடிக்கொண்டேன்.

மறுநாள் காலை பால் வரவில்லை. பத்து மணிக்கு, ரொட்டி நிரம்பிய பனையோலைக் கடகத்தைக் கொண்டுவந்து மாமி என் முன்னால் பொத்தென்று வைத்தார்.

"என்ரை பிள்ளை அங்கை ஆட்டுக்கல்லுச் சுத்துறாள். நீங்கள் இஞ்சை கதிரையிலை இருந்து காலாட்டுறியள். இந்தாங்கோ, தூக்குங்கோ."

தண்டனையாகத்தான் சொன்னார். நான் எழுந்த வேகத்தில் கதிரை பின்னால் சாய்ந்து விழுந்தது. கடகத்தைத் தலையில் வைத்தேன். அந்தப் பாரம் கழுத்தில் இறங்கியதும், ஊரில் குடத்தோடு நடக்கிற நடை தானாக வந்துவிட்டது. மாமி தேநீர் வாளியோடு பின்னால் வந்தார். வயல் வரம்பில் முன்னால் நான் போனேன். யாருக்காகவும் இல்லாமல் எனக்காக நடந்தேன். சட்டையை இழுத்துவிட மறந்துபோனேன்.

எங்கள் ஊர் மணலில் நடந்து பழகிய காலுக்கு ஈரவரம்பு வழுக்கும் என்று தெரியவில்லை. வாய்க்கால் ஓரத்தில் கால் போயிற்று. நான் ஒரு பக்கம், கடகம் ஒரு பக்கம். எழுந்து பார்த்தால் ரொட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வாய்க்காலில் மிதந்து போய்க்கொண்டிருந்தன.

மாமி வாளியை வைத்துவிட்டு இறங்கி வந்து, என் கையைப் பிடித்துத் தூக்கினார். அடுத்த நொடி உச்சந்தலையில் நறுக்கென்று ஒரு குட்டு.

"விசர்ப் பெட்டை! கண் என்ன பிடரியிலையோடி இருக்குது? விடியக் காத்தாலையிலிருந்து நெருப்புக்கை நிண்டு சுட்டனான்! இத்தினை பேர் பசியோடை நிக்குதுகள், வாய்க்காலுக்கு ரொட்டி தீத்திறாய்!"

அரிவாளோடு நிமிர்ந்து நின்ற கிழவர் ஒருவர் அங்கிருந்தே சொன்னார்: "கொழுந்து, கவனம்! இட்லிக்கார மனிசி இப்ப அங்கை கையை ஓங்கியிருப்பா!"

மாமியின் நம்பிக்கை அந்த ஊருக்கே தெரிந்திருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். மாமி தன் கையைப் பார்த்தார். அப்படியே வரம்பில் உட்கார்ந்துவிட்டார்.

"உண்மையைச் சொல்லு. உங்கடை அம்மா அடிக்கிறவவோ?"

"கரண்டியால அடிப்பாங்க."

"எதுக்கு?"

"சட்னியில உப்புக் கூடினா."

மாமி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. எனக்குத் தலை நன்றாக வலித்தது. ஊரை விட்டு வந்த பிறகு அன்றுதான் வாய்விட்டு அழுதேன். வெட்டுகிறவர்கள், மாமா, மாமி, எல்லோர் முன்னாலும், கூச்சமே இல்லாமல்.

அதன்பின் கதிரையில் மாமாதான் உட்கார்ந்தார். நான் சட்டி தேய்த்தேன், கிளி விரட்டினேன், ரொட்டி தட்டக் கற்றுக்கொண்டேன். எல்லோரும் சாப்பிட்டு முடித்ததும், மாமியும் நானும் குசினித் தரையில் மிஞ்சிய சோற்றை ஒரே சட்டியில் பிசைந்து சாப்பிடுவோம். "எடி, தின்னன், ஏன் கொறிக்கிறாய்?" என்பார். ஒரு நாள் கிணற்றடியிலிருந்து, "புவனம், அந்தத் துலாக் கயிற்றைப் பிடி" என்று கூப்பிட்டார். ஆமாம் என்பதற்கு அவர்கள் சொல்கிறபடி "ஓம்" என்று ஓடிப்போய்ப் பிடித்தேன். தண்ணீர் பாதி வந்த பிறகுதான், கூப்பிட்டது என் பெயர் இல்லை என்பது இருவருக்கும் தெரிந்தது. வாளியை இறக்கி வைத்துவிட்டு மாமி நெடுநேரம் வயலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

திரும்புகிற நாள் வந்தது. புவனத்தைக் கூட்டிவர மாமியும் எங்களோடு தலைமன்னாருக்கு வந்தார். வழியெல்லாம் என் கையைப் பிடித்திருந்தார். கப்பல் வந்து நின்று, அந்தப் பிள்ளைகள் இறங்கத் தொடங்கியதும், கை விடுபட்டது. அவர் ஓடினார்.

நான் கம்பத்தோரம் நின்றேன். கப்பலில் இருந்து, நான் ஊரில் விட்டு வந்த என் பச்சைப் பாவாடை இறங்கி வந்தது. அதைக் கட்டியிருந்தவள் என்னைவிட உயரம். பாவாடை கணுக்காலுக்கு மேலே நின்றது. மாமி அவளைக் கட்டிப்பிடித்து, உள்ளங்கையை விரித்துப் பார்த்து, ஆட்டுக்கல் பிடித்துக் காய்த்த இடத்தைத் தடவித் தடவி அழுதார். அவள் அழவில்லை. தாயின் தோளுக்கு மேலாக என்னையே பார்த்தாள். பிறகு தாயை விலக்கிவிட்டு என்னிடம் வந்தாள்.

"நீர்தானே எங்கடை வீட்டிலை நிண்டனீர்?"

"ஓம்" என்றேன்.

"அம்மா உம்மை ஏசினவவோ?"

அவள் எனக்காக வருத்தப்பட்டுக் கேட்கிறாள் என்று நினைத்தேன். ஒளிக்காமல் சொன்னேன்.

"ஏசினாங்க. ஒரு நாள் குட்டினாங்க."

அவள் முகம் சுருங்கிப் போயிற்று. என் தலையைப் பார்த்தாள். பிறகு சட்டென்று முழங்கையைத் திருப்பிக் காட்டினாள்.

"உம்மடை அம்மா என்னைக் கரண்டியாலை அடிச்சவ. இஞ்சை. உப்புக்கு."

இப்போது என் முகம் சுருங்கியது. அந்தக் கரண்டி என்னுடையது. இருவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நின்றோம். டீச்சர் வந்து என்னை இழுத்துக்கொண்டு போனார். கப்பலில் இருந்து பார்த்தபோது மாமி புவனத்தின் பின்னலைப் பிரித்துக்கொண்டு ஏதோ ஏசிக்கொண்டே நடந்தார். என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. கரையில் சத்தம் அதிகம்.

மண்டபத்தில் இறங்கியபோது அம்மா ஸ்டேஷனுக்கே வந்திருந்தாள். வியாபார நேரத்தில் கடையை விட்டு வருகிறவள் இல்லை. கப்பலுக்குப் புவனத்தை வழியனுப்பத் தனுஷ்கோடிவரை போய்வந்தாள் என்று பிறகு தெரிந்தது. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அந்தப் புள்ள போய்ச் சேந்துச்சா?"

"சேந்துட்டாம்மா."

"அவ அம்மாவப் பாத்ததும் அழுதுச்சா?"

"இல்லம்மா."

"எறங்கும்போதாவது? திரும்பித் திரும்பிக் கப்பலப் பாத்துச்சா?"

அம்மா கேட்ட விதத்தைப் பார்த்தேன். அடுப்புப் புகைக்குக்கூடச் சிவக்காத கண் சிவந்திருந்தது. இத்தனை நாள் அவளுக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட ஒரு பெண் இருந்திருக்கிறாள்.

"பாத்தாம்மா. அழுதா" என்றேன்.

"அழும். பாவம், அது அழத்தான் செய்யும்" என்றாள் அம்மா. மூக்கைச் சிந்திக்கொண்டாள். பிறகு முன்னால் நடந்தாள். நான் பின்னால் நடந்தேன். வீடு வரும்வரை அவள் புவனத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். நான் எல்லாவற்றுக்கும் ஓம், ஓம் என்று சொல்லிக்கொண்டு போனேன். அப்படிச் சொல்கிறேன் என்பதை அம்மா கவனிக்கவில்லை. அவளுக்கு அந்தச் சொல் பழகியிருந்தது.